நீங்கள் வாங்காத கடனுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். பேங்க் மேனேஜர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டி, "உங்க பேர்ல ரெண்டு பெர்சனல் லோன் ஓவர்டியூ நிக்குதே" என்றிருக்கிறார். ஒன்று 6,500 ரூபாய், இன்னொன்று 38,000. இரண்டையும் நீங்கள் வாங்கவில்லை, கொடுத்த கம்பெனிகளின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. போன வாரத்திலிருந்து வசூல் ஆட்களும் போன் செய்கிறார்கள். சின்னக் கடனை மட்டுமாவது கட்டி முடித்துவிட்டால் வீட்டுக்கடன் வந்துவிடுமா, போலீசுக்குப் போகத்தான் வேண்டுமா, எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது உங்கள் கேள்வி.

தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில். கட்டாதீர்கள். 6,500 இல்லை, 650 ரூபாயாக இருந்தாலும் கட்டாதீர்கள். வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையிலும், என் கொழுந்தியாளுக்கு இதே சங்கடம் வந்து கூடவே அலைந்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன். அவள் பெயரில் ஒரு கடன் செயலியில் 4,800 ரூபாய் இருந்தது. வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்கே போன் வர ஆரம்பித்ததும் அவமானத்துக்குப் பயந்து, எங்களிடம்கூடச் சொல்லாமல், அவர்கள் அனுப்பிய லிங்கில் கட்டிவிட்டாள். எட்டு மாதத்தில் அவள் பெயரில் இன்னும் மூன்று கடன்கள் முளைத்தன. அப்போதுதான் எங்களிடம் வந்தாள். முதல் கம்பெனிக்கு எழுதினோம். "கடனைத் தாங்களே திருப்பிச் செலுத்தியுள்ளதால் இது மோசடி என ஏற்க இயலாது" என்று பதில் வந்தது. ஒரே ஒரு முறை கட்டியது அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அதை உடைக்க 14 மாதம் ஆனது.

கட்டினால் சிபில், அதாவது உங்கள் கடன் வரலாற்று அறிக்கை, சரியாகிவிடும் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். கட்டி முடித்த கடன், அறிக்கையில் 'க்ளோஸ்ட்' என்று மாறும், அவ்வளவுதான். நீங்கள் வாங்கினீர்கள், தவணை தவறினீர்கள், பிறகு கட்டினீர்கள் என்ற வரலாறு அப்படியே நிற்கும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்ட்' என்று போடுவார்கள். அது அதைவிட மோசம், வீட்டுக்கடன் கொடுப்பவர்கள் அந்த வார்த்தையைப் பார்த்தாலே தயங்குவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தக் கணக்கே உங்கள் அறிக்கையிலிருந்து நீங்குவது. அதற்கு ஒரே வழி, இது என் கடன் இல்லை என்று எழுத்தில் மறுத்து, நான்தான் வாங்கினேன் என்பதை நீ காட்டு என்று கொடுத்தவனைக் கேட்பது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, உங்கள் கடன் அறிக்கையை நீங்களே எடுப்பது. மேனேஜர் காட்டியது சிபில் மட்டும். இந்தியாவில் இப்படிக் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன: ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். நான்குமே வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவர்களுடைய இணையதளத்தில் மாதச் சந்தா, பிரீமியம் என்று கண்ணில் படும்படி வைத்திருப்பார்கள், இலவச அறிக்கைக்கான இடம் சற்று ஒதுங்கி இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள். நான்கையும் எடுத்துவிடுங்கள். ஒன்றில் இல்லாத கடன் இன்னொன்றில் இருக்கலாம்.

எடுத்ததும் எல்லோரும் ஸ்கோரைத்தான் பார்ப்பார்கள். அதை விடுங்கள், மூன்று இடங்களைப் பாருங்கள். கணக்குகள் பகுதியில் எந்தக் கம்பெனி, எந்தத் தேதியில், எவ்வளவு என்பது இருக்கும். 'என்கொயரி' பகுதியில் உங்கள் பெயரில் யார் யார் கடன் கேட்டு அறிக்கையைப் புரட்டினார்கள் என்ற பட்டியல் இருக்கும். அதில் நீங்கள் அறியாத பெயர் இருந்தால், அடுத்த கடன் அங்கே தயாராகிக்கொண்டிருக்கலாம், அந்தக் கம்பெனிக்கும் இன்றே எழுத வேண்டும். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காத இடம், தொடர்பு விவரங்கள். கடன் கொடுத்தவர்கள் தெரிவித்த போன் நம்பர், முகவரி, மெயில் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். உங்களுடையதாக இல்லாத ஒரு போன் நம்பரோ, நீங்கள் போயே இராத ஊரின் முகவரியோ அங்கே இருந்தால் பிரிண்ட் எடுத்து வட்டம் போட்டு வையுங்கள். திருடன் விட்டுப்போன காலடித் தடம் அது. உங்கள் அறிக்கையை யாராவது பார்த்தால் எஸ்எம்எஸ் வர வேண்டும் என்று விதி இருந்தும் உங்களுக்கு ஏன் எதுவும் வரவில்லை என்பதற்கும் அந்த நம்பரே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது கடன் கொடுத்த கம்பெனிக்கு எழுதுவது. போனில் பேசிப் பிரயோஜனம் இல்லை, அந்தப் பக்கம் இருப்பவர் வசூல் பிரிவு ஆள், அவருக்குப் பணம் வந்தால் போதும். ஒவ்வொரு வங்கியும் நிதி நிறுவனமும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் மெயிலையும் தங்கள் தளத்தில் போட்டிருக்க வேண்டும். செயலியின் பெயர் ஒன்றாகவும், பின்னால் இருந்து பணம் கொடுக்கும் நிதி நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருக்கும். கடன் அறிக்கையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கு எழுதி, செயலிக்கு நகல் போடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் சாரம் இதுதான்:

"இந்தக் கணக்கு எண்ணில் உள்ள கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை, பணத்தைப் பெறவில்லை, என் சார்பில் பெற யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. என் பான் விவரம் என் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டுள்ளது. விண்ணப்பப் படிவம், கேஒய்சி ஆவணங்கள், எடுக்கப்பட்ட செல்ஃபி, பயன்படுத்தப்பட்ட போன் எண் மற்றும் மெயில், ஒப்பந்தத்தில் கையொப்பமான முறை, பணம் செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கின் விவரம், விண்ணப்பம் வந்த நேரமும் ஐபி முகவரியும் ஆகியவற்றை எனக்கு அனுப்பவும். இதை மோசடிக் கணக்கு எனப் பதிவு செய்து, வசூல் நடவடிக்கையை நிறுத்தி, நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலிருந்தும் இந்தப் பதிவை நீக்கவும்."

இதில் உயிரான வரி, பணம் போன வங்கிக் கணக்கைக் கேட்பது. டிஜிட்டல் கடனைக் கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆகவே பணம் ஏதோ ஒரு கணக்கில் விழுந்திருக்கிறது. அது உங்கள் கணக்கு இல்லையென்றால் அவர்களிடம் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. அதோடு சேர்த்து, கடன் தேதிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மாதம் வரும்படி உங்கள் எல்லாச் சேமிப்புக் கணக்குகளின் ஸ்டேட்மென்டையும் இணைத்து அனுப்புங்கள், அந்தத் தொகை எங்கேயும் வரவு ஆகவில்லை என்று காட்ட.

என் கொழுந்தியாளின் மூன்றாவது கடன் இதில்தான் விழுந்தது. மூன்று நினைவூட்டல் மெயிலுக்கு அப்புறம் ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். அவளுடைய பெயர், அவளுடைய பான் எண், அவளுடைய பிறந்த தேதி எல்லாம் சரியாக இருந்தன. செல்ஃபி இருக்க வேண்டிய சதுரத்தில் கட்டம் போட்ட சட்டையோடு மீசை வைத்த ஒரு ஆள் லேசாகச் சிரித்துக்கொண்டு இருந்தான், பின்னால் நீலப் பெயின்ட் அடித்த சுவர். பெண் பெயரில் போட்ட விண்ணப்பத்தில் அந்தப் படத்தை எந்த மனிதக் கண்ணும் பார்க்கவே இல்லை. அவள் அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கத்தைப் பதில் மெயிலில் இணைத்து அனுப்பினோம், பதினொரு நாளில் கடனை நீக்கினார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஆவணத்தைக் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள்.

கம்பெனிக்கு எழுதிய அன்றே நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் 'டிஸ்ப்யூட்', அதாவது மறுப்பு, போடுங்கள். இலவசம், ஆன்லைனிலேயே முடியும், 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: சிபில் தானாக எதையும் அழிக்காது, கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். ஆகவே டிஸ்ப்யூட் மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் "கடன் கொடுத்தவர் உறுதி செய்துவிட்டார்" என்று திரும்பி வரும். கம்பெனிக்கு எழுதிய கடிதமும் டிஸ்ப்யூட்டும் ஒன்றாகப் போக வேண்டும். இதற்குக் கெடு 30 நாள். அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது, 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. அந்த நூறு ரூபாய் பெரிதில்லை, ஆனால் கடிதத்தில் அந்த விதியைக் குறிப்பிட்டால் உங்கள் மெயில் வேறு மேஜைக்குப் போகும்.

இப்போது போலீஸ். போகத்தான் வேண்டும். திருடனைப் பிடித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போக வேண்டும், ஏனென்றால் போலீஸ் காகிதம் இல்லாமல் எந்தக் கம்பெனியும் உங்கள் வார்த்தையைப் பொருட்படுத்தாது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண், பணம் இப்போதுதான் போனது என்ற அவசரத்துக்கு. உங்கள் கணக்கிலிருந்து பணம் கழிந்திருந்தால் வேறு யோசனையே இல்லாமல் அந்த நிமிடமே அடிக்க வேண்டிய எண் அது, போன பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவர்களால் முடியும், தாமதிக்கத் தாமதிக்க அது பத்து கணக்கு தாண்டிப் போய்விடும். உங்கள் விஷயத்தில் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்து, வரும் ஒப்புகை எண்ணோடு நேரிலும் போங்கள். தமிழ்நாட்டில் மாவட்டங்களுக்கும் மாநகரங்களுக்கும் தனிச் சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உண்டு.

புகாரை நீங்களே எழுதி எடுத்துப் போங்கள், அங்கே உட்கார்ந்து எழுத வேண்டாம். தேதி வரிசைப்படி, ஒரு பக்கத்துக்குள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவு பிறருடைய அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவதைப் பற்றியது, மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 66டி கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், ஏமாற்றுதல், ஆள்மாறாட்டம் பற்றிய 318, 319 பிரிவுகள். இந்த எண்களைப் புகாரின் அடியில் குறிப்பிடுங்கள். நம் ஊரில் வழக்கமாக முதலில் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், கம்பெனிகளுக்கு அனுப்ப ஆரம்பத்தில் அதுவே உதவும். ஆனால் அது முதல் தகவல் அறிக்கை (எஃப்ஐஆர்) ஆகாது. சில கம்பெனிகள் எஃப்ஐஆர் நகல்தான் வேண்டும் என்று நிற்பார்கள். தொகை சின்னது, எதற்கு எஃப்ஐஆர் என்று நிலையத்தில் சொன்னால், சண்டை போடாமல் திரும்பி வந்து அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, உங்கள் ஊரானால் மாநகரக் காவல் ஆணையருக்கு அனுப்புங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது, அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பெரும்பாலும் அந்தத் தபாலுக்கே நிலையத்திலிருந்து போன் வந்துவிடும். எஃப்ஐஆர் போட்டால் புகார் கொடுத்தவருக்கு ஒரு நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள்.

வசூல் ஆட்கள் போனைப் பற்றி. எடுக்காமல் விடாதீர்கள், எடுத்து வாதமும் செய்யாதீர்கள். "இது மோசடிக் கடன், புகார் எண் இது, எழுத்தில் அனுப்புங்கள்" என்று ஒரே வாக்கியம், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். "கட்டிவிடுகிறேன்", "கொஞ்சம் டைம் கொடுங்கள்" என்ற சொல் வாயிலிருந்து வரவே கூடாது, அவர்கள் ரெக்கார்ட் செய்கிறார்கள். நீங்களும் ரெக்கார்ட் செய்யுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கும் கம்பெனிக்கும் போன் செய்து அசிங்கப்படுத்துவதும் விதிமீறல்தான். உங்கள் கம்பெனி எச்ஆரிடமும் வீட்டிலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். என் கொழுந்தியாள் செய்யத் தவறியது அதுதான். மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு அந்தப் போன்களுக்குப் பலம் இல்லை.

சரி, காகித வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். திறந்து கிடக்கும் கதவுகளை மூடுவது இன்னொரு பக்கம். சஞ்சார் சாத்தி என்று தொலைத்தொடர்புத் துறையின் தளம் இருக்கிறது. உங்கள் நம்பரைப் போட்டு ஓடிபி கொடுத்தால் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பட்டியல் வரும். ஒருவர் பெயரில் 9 சிம் வரை இருக்கலாம் என்பதால் நடுவில் இரண்டு கள்ள சிம் இருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. உங்களுடையதல்லாத நம்பருக்கு எதிரே 'என் நம்பர் அல்ல' என்று குறித்தால் விசாரித்து நிறுத்துவார்கள். அந்தப் பட்டியலை, கடன் அறிக்கையில் வட்டம் போட்ட நம்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் உங்கள் ஆதார் நகலை வைத்து யாரோ சிம்மே எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், புகாரில் அதையும் சேர்க்க வேண்டும்.

ஆதாருக்கு, அதன் அதிகாரபூர்வச் செயலியிலோ தளத்திலோ இரண்டு வேலை. ஒன்று, அங்கீகார வரலாறு. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை யார், எந்தத் தேதியில், ஓடிபியாலா கைரேகையாலா சரிபார்த்தார்கள் என்று அதில் வரும். கடன் ஒப்பந்தத்தில் ஆதார் ஓடிபி மூலம் கையொப்பம் ஆனது என்று கம்பெனி சொன்னால், அந்தத் தேதியில் உங்கள் வரலாற்றில் அப்படி ஒரு பதிவு இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கமே உங்களுக்குச் சாட்சி. ஆறு மாதம் தாண்டினால் கிடைக்காது, அதனால் இன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு, பயோமெட்ரிக் லாக். கைரேகையையும் கருவிழியையும் பூட்டி வைப்பது. இது உங்களைவிட உங்கள் அப்பா அம்மாவுக்கு முக்கியம். 2023 வாக்கில் பல மாநிலங்களில், நிலப் பத்திரங்களில் இருந்த கைரேகையைப் பிரதி எடுத்துச் சிலிக்கானில் வார்த்து, ஆதார் வழிப் பணம் எடுக்கும் மெஷினில் வைத்துக் கணக்கைக் காலி செய்தார்கள். ஓடிபி வராது, போனே தேவையில்லை. பூட்டி வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆனால் ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது வேலை செய்யாது, அன்றைக்கு மட்டும் செயலியில் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும், இதைப் பெரியவர்களுக்கு ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண் 1947-க்குப் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள்.

பான் எண்ணை இப்படிப் பூட்ட முடியாது. அதுதான் பெரிய தொல்லை. திருடு போன ஏடிஎம் கார்டுபோல மாற்றிப் புது நம்பர் வாங்கலாம் என்று நினைத்து இன்னொரு பானுக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள், ஒருவருக்கு இரண்டு பான் இருந்தால் 10,000 ரூபாய் அபராதம். ஆகவே பானுக்குக் காவல் என்பது அதன் நிழல் எங்கெல்லாம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான். வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயரில் வங்கி வட்டி, பங்கு வியாபாரம், யாரோ பிடித்த டிடிஎஸ் வரி எல்லாம் அதில் வந்துவிடும். நீங்கள் அறியாத வரவு இருந்தால் அங்கேயே 'இது என்னுடையது அல்ல' என்று மறுப்பைப் பதிவு செய்யலாம். அப்புறம் ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடும் வசதி இருக்கிறது, லாகின் தேவையில்லை. உங்கள் பானில் ஏதாவது கம்பெனி பதிவாகியிருந்தால் காட்டிவிடும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள், எல்லாம் இந்த வகைதான். எதுவும் இல்லையென்றால் நிம்மதி, இருந்தால் தாமதிக்காமல் ஆடிட்டர் ஒருவரைப் பாருங்கள், அது இந்தப் பதிலில் அடங்காது.

வங்கிக் கணக்கில் யாராவது இ-மேன்டேட் (தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி) போட்டு வைத்திருக்கிறார்களா என்று நெட் பேங்கிங்கிலும், யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியிலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மெயில் பாஸ்வேர்டை மாற்றி இரண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்கள். உங்கள் விஷயத்தில் கணக்கிலிருந்து பணம் போகவில்லை, ஆனாலும் போனால் என்ன என்பதைத் தெரிந்து வையுங்கள்: நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறு எங்கோ நடந்த ஓட்டையால் பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் வங்கியில் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் பூஜ்யம் என்பது 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதி. நாமே ஓடிபி சொல்லியிருந்தால், வங்கிக்குச் சொல்லும் நிமிடம் வரை போனது நம் தலையில். இரண்டிலுமே சொல்லும் நேரம்தான் கணக்கு.

கம்பெனி 30 நாளாகியும் பதில் சொல்லவில்லை, அல்லது சப்பையாக ஒரு பதில் சொன்னது என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் தளத்தில் போடலாம், சண்டிகருக்குத் தபாலிலும் அனுப்பலாம், விவரம் கேட்க 14448. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. முதலில் கம்பெனிக்கு எழுதியதற்கு ஆதாரம் இல்லாமல் நேராக இங்கே வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால்தான் எல்லாவற்றையும் மெயிலில் செய்யச் சொன்னேன். 2022 செப்டம்பரிலிருந்து சிபில் போன்ற நிறுவனங்கள் மீதும் இங்கே புகார் போடலாம். கடன் கொடுத்தவர் ரிசர்வ் வங்கியில் பதிவே இல்லாத செயலி என்று தெரிந்தால், அதன் மீது புகார் போட சச்சேத் என்ற தளம் இருக்கிறது, அதோடு சைபர் கிரைம் புகாரிலும் அதைக் குறிப்பிடுங்கள்.

எப்படி நடந்திருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள், ரூம் வாடகைக்கு ஆதார் ஜெராக்ஸ் கொடுத்ததை நினைத்து உங்களையே நொந்துகொள்கிறீர்கள். வேண்டாம். 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன் தன் பானில் யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாக ட்விட்டரில் எழுதினார். 2023-ல் டெல்லி போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. அவர்கள் தோனி, அபிஷேக் பச்சன் போன்றவர்களின் விவரத்தை வைத்துக் கிரெடிட் கார்டு வாங்கியிருந்தார்கள். பான் எங்கே கிடைத்தது தெரியுமா? ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த பத்தும் அந்த ஆளின் பான்தான். பிரபலங்களின் ஜிஎஸ்டி எண் இணையத்தில் கிடைத்தது, பிறந்த தேதி கூகுளில் இருந்தது, போட்டோவை மட்டும் தங்களுடையதாக மாற்றிக்கொண்டார்கள். தோனிக்கே நடக்கும்போது, நீங்கள் வாடகைக்கு வீடு பிடிக்க ஜெராக்ஸ் கொடுத்தது குற்றமா? பார்க்க வேண்டிய முகத்தைப் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் கடன் கொடுத்தவன் செய்தது குற்றம்.

ஆனாலும் இனிமேல் ஜெராக்ஸ் கொடுக்கும்போது ஒரு பழக்கம் வையுங்கள். ஓரத்தில் எழுதாமல், படத்தின் மேலும் எழுத்துகளின் மேலும் படும்படி குறுக்காகப் பேனாவால், 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுத்துவிடலாம். ஆதார் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரிண்ட் எடுத்தால், அவர் போனிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

'சிபில் சரிசெய்து தருகிறோம், 5,000 ரூபாய்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். மேலே சொன்ன எதற்கும் கட்டணம் இல்லை. அதைவிட, அவர்களிடம் மறுபடியும் அதே ஆதார், பான் நகலைத்தான் கொடுக்கப் போகிறீர்கள்.

கம்பெனி மோசடி என்று ஒப்புக்கொண்டால் மெயிலில் ஒரு வரி போதாது. இந்தக் கணக்கு மோசடியானது, இவரிடம் பாக்கி எதுவும் இல்லை, கடன் தகவல் நிறுவனங்களிலிருந்து நீக்கிவிட்டோம் என்று லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்குங்கள். வராக்கடன்களை மொத்தமாக வேறு நிறுவனத்துக்கு விற்றுவிடுவது வழக்கம், இரண்டு வருடம் கழித்து யாரோ ஒரு புதுக் கம்பெனி அதே 38,000-த்தைத் தூக்கிக்கொண்டு வரலாம். அன்றைக்கு அந்தக் கடிதத்தைக் காட்டினால் ஒரே போனில் முடியும். நீக்கிவிட்டோம் என்று சொன்ன ஒரு மாதம் கழித்து நான்கு அறிக்கைகளையும் மறுபடி பாருங்கள், ஒன்றில் போய் இன்னொன்றில் நிற்பது சகஜம். அப்புறம் ஒரு வருடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். ஒருமுறை வெளியே போன பான் விவரம் பல கை மாறும்.

கடைசியாக உங்கள் வீட்டுக்கடன். நாளைக்கே மேனேஜரைப் போய்ப் பாருங்கள். விண்ணப்பத்தை நிராகரித்துவிடாமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், மறுபடி புதிதாகப் போட்டால் இன்னொரு என்கொயரி ஏறும். சிஎஸ்ஆர் ரசீது, டிஸ்ப்யூட் எண், கம்பெனிக்கு அனுப்பிய மெயில், ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஒரு பைலில் தேதி வரிசையில் போட்டு, நகல் ஒன்றை அவரிடம் கொடுங்கள். அவர் மேலே எழுதிக் கேட்பதற்கு அவருக்கும் காகிதம் வேண்டும். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது, வாயால் சொன்னவர்களுக்காக என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை, இப்படிப் பைலோடு வந்த இரண்டு பேருக்கு டிஸ்ப்யூட் முடியும் முன்பே மேலிடத்தில் பேசிக் கடனை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கம்பெனிகளிடமிருந்து பதில் வந்ததும் எழுதுங்கள், அடுத்த கடிதத்தைச் சேர்ந்து பார்க்கலாம்.